முப்பத்தொரு பக்கச் சைகை

இந்தப் பொம்பளை ஒரு நிமிஷம் வாயை மூடித் தொலைத்தால் அந்தம்மா ஏதாவது சொல்லுவாங்களே என்று லவீனியா டான்சி மூன்றாவது முறையாக நினைத்தாள். பதிவில் அந்தப் பொம்பளை நிறுத்துவதாக இல்லை. ஒரே கேள்வி, நாற்பத்தொரு விநாடி நீண்டது. லவீனியா கைப்பேசியின் திரையைப் பார்த்தே அளந்தாள்.

"அதாவது சிஸ்டர், இந்தச் சைகை நம்ம ஆளுங்க அடிமையா இருந்தப்ப காட்டுல ஒளிஞ்சு கூடி ஜெபம் பண்ணாங்களே, அங்கேர்ந்து வந்திருக்கணும் இல்லீங்களா, கங்காணி வர்றான், ஓரமா ஒதுங்குன்னு சொல்றதுக்கு, வாயால சொல்ல முடியாதுல்ல, அப்ப உங்கம்மா அவங்கம்மாகிட்டேர்ந்து கத்துக்கிட்டிருப்பாங்க, அவங்க அதுக்கு முன்னாடி இருந்தவங்ககிட்டேர்ந்து, அப்படியே கை மாறிக் கை மாறி வந்திருக்கும், அப்படித்தானே?"

பதில் நான்கு விநாடி.

"ம்ம். இருக்கலாம் தங்கம். கேக் இன்னொரு துண்டு வெக்கட்டுமா?"

வாயை மூடாத பொம்பளை லவீனியாதான். அதே கேள்விக்கும் பதிலுக்கும் அவள் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் வேறு வடிவம் இருந்தது. "இச்சைகை அடிமைக்காலத்துக் காட்டு ஜெபக்கூட்டங்களிலிருந்து தாய்வழியாகத் தமக்கு வந்ததை எர்னஸ்டீன் மக்ளோரின் உறுதிப்படுத்துகிறார்" என்று எழுதியிருந்தாள். கேக்கைப் பற்றி எழுதவில்லை. இரண்டாவது துண்டும் சாப்பிட்டாள் என்பது பதிவில் தெளிவாகவே கேட்டது. வாயில் கேக்கை வைத்துக்கொண்டே, "இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா சிஸ்டர்" என்று அந்தப் பெண் ஆரம்பித்தபோது லவீனியா பதிவை நிறுத்தினாள்.

பல் மருத்துவர் ஒருவரிடம் பத்தொன்பது வருஷம் காப்பீட்டுத் தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தவள் அவள். மகள் ஜோலீசா பள்ளி முடித்த வருஷம், தன் நாற்பதாவது வயதில், ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் கறுப்பர் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். கறுப்பின வரலாறும் பண்பாடும் என்பது பாடம். சேர்ந்த முதல் மாதத்திலேயே அதன்மேல் பைத்தியமானாள். அதுவரை சும்மா செய்துகொண்டிருந்த எல்லாவற்றுக்கும் வேர் இருந்தது. தலை பின்னுவதற்கு வேர், கீரை வேகவைப்பதற்கு வேர், கதவைத் தட்டாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழைவதற்கு வேர். நன்றி அறிவித்தல் நாளில் மக்ரோனித் தட்டை மேசையில் வைத்துவிட்டு அதன் வரலாற்றை ஆரம்பித்தாள். அது ஆறி மேலே பாலாடைக்கட்டி தோலாகிப் போனபோது மகள், "அம்மா, இப்ப சாப்பிடலாமா, இல்ல கடைசியில பரீட்சை வெப்பியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். லவீனியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, உணவு வேளையில் கேலி என்பதற்கும் ஒரு வேர் இருக்கும் என்று யோசித்தாள்.

இந்த ஆய்வேட்டின் பொருள் அவளுக்குக் கோயிலிலேயே கிடைத்தது. அவள் பிறந்து வளர்ந்த பாப்டிஸ்ட் சபையில் வாசல் ஊழியர்கள் ஆராதனை நேரத்தில் பேசமாட்டார்கள். வெள்ளை உடையும் வெள்ளைக் கையுறையுமாகக் கதவோரம் நிற்பார்கள், எல்லாம் கைதான். இரண்டு இடம் காலி, விசிறி கொண்டு வா, அந்தச் சகோதரி பரிசுத்த ஆவி இறங்கி விழப்போகிறாள் பிடித்துக்கொள், எல்லாவற்றுக்கும் ஒரு சைகை. மற்ற சபைகளிலும் ஏறக்குறைய அதே சைகைகள்தான், கையேடே இருக்கிறது. ஆனால் ஒரு சைகை மட்டும் எந்தக் கையேட்டிலும் இல்லை, வேறு எந்தச் சபையிலும் இல்லை. வலது புறங்கை இடது தோளைத் தொட்டு முழங்கைவரை மெல்ல இறங்கும். அப்படிக் காட்டினால், வருகிறவரை முன்வரிசைக்குக் கூட்டிப் போகாமல் பக்கவாட்டில் மாடிக்குக் கீழே உட்காரவைக்க வேண்டும். லவீனியா அதைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு பக்கம் எழுதினாள்.

பேராசிரியர் ப்ராட்நாக்ஸ் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு அனுப்பியபோது, பாராட்டுக்குத் தகுந்த அடக்கமான முகம் எது என்று நடைபாதை முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க மிஸ் டான்சி," என்றார் அவர். "பதினெட்டாம் பக்கத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"ரொம்ப நன்றி சார்."

"அதனாலதான் சந்தேகமா இருக்கு."

ஒத்திகை பார்த்த முகத்தை அவளால் சட்டென்று கழற்ற முடியவில்லை. அவர் தொடர்ந்தார். "இதைச் சொன்னவங்க ஒருத்தர்தான். இன்னொருத்தர் யாரு?"

"அவங்க முப்பத்தஞ்சு வருஷமா வாசல் ஊழியர்களுக்குத் தலைவி சார்."

"இருக்கட்டும். பதிவு முழுசையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிக் குடுங்க. ரெண்டாவது சாட்சி ஒண்ணு வேணும். திங்கக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி. இந்த அத்தியாயம் நிக்கலேன்னா ஆய்வேடே நிக்காது, உங்களுக்கே தெரியும். அப்புறம் பட்டம் மே மாசம் கிடையாது, டிசம்பர்தான்." அவள் எழுந்தபோது, "இன்னொண்ணு. கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார்.

பதிவை அதுவரை அவள் முழுசாகக் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையில்லை, எல்லாம் மனசில் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். மனசில் இருந்தது எல்லாம் அவளே சொன்னது என்பது இந்தச் சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிஷம். அதில் சிஸ்டர் எர்னஸ்டீன் பேசியது ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பதிலும் மூன்று நிமிஷம் அவர் மூட்டுவலி.

சமையலறை மேசையில் அட்டைப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. ஊதா நிறத்தில் அறுபது சட்டைகள். ஒவ்வொன்றின் மார்பிலும் பட்டத் தொப்பியோடு லவீனியாவின் முகம், கீழே 'எங்கள் பட்டதாரி', அதன் கீழே மே மாதத்துத் தேதி. பிலடெல்ஃபியாவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் சித்திகள் வருகிறார்கள். அறை எடுத்தாயிற்று. "உன் மூக்கு கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு, ஆனா தேதி நல்லா பளிச்சுன்னு இருக்கு," என்று ஜோலீசா காலையில் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

மத்தியானம் லவீனியா காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

சனிக்கிழமைகளில் சிஸ்டர் எர்னஸ்டீன் கோயிலின் பின்கட்டுச் சமையலறையில் கையுறைகளைத் துவைப்பார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதிலும் முழங்கை தூக்கிய வாக்கில், எதிரே யாரோ குறுக்கே வண்டி விடுகிறார்கள் என்பதுபோலவே எல்லாரையும் பார்ப்பார். பெரிய தகரத் தொட்டியில் நீலம் கலந்த தண்ணீரில் இருபது ஜோடிக் கையுறை மிதந்துகொண்டிருந்தது.

"வந்துட்டாடி எழுத்தாளி," என்றார். "ஏன் முகம் இப்படிக் கெடக்கு? பல்லு வலியா? உங்க பழைய டாக்டரு சும்மாவே புடுங்கி விடுவாரே."

"சும்மாதான் சிஸ்டர் வந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"நீ ஒண்ணே ஒண்ணு கேட்டு நான் பார்த்ததில்ல. உக்காரு."

லவீனியா கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "அந்தச் சைகை எப்படி வந்துச்சு?"

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. சிஸ்டர் எர்னஸ்டீன் ஒரு கையுறையின் கட்டைவிரலைத் தேய்த்தார். நான்கு வந்தபோது லவீனியாவின் நாக்கு, அதாவது என்று ஆரம்பிக்கத் துடித்தது. ஐந்தில் உதட்டைக் கடித்தாள். ஏழு என்பது இவ்வளவு நீளமான எண் என்று பத்தொன்பது வருஷம் எண்களோடு இருந்தும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அதான் நீயே எழுதிட்டியே," என்றார் சிஸ்டர் ஒன்பதில்.

"நான் எழுதுனதை விடுங்க. நீங்க சொல்லுங்க."

சிஸ்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வாகனம் நிறுத்தும் இடத்தில், சபை நிர்வாகத்தில் இருக்கும் டீக்கன் கிட்ரெல் தன் பழைய காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"எண்பத்தொம்பது ஈஸ்டர். டீக்கனோட சம்சாரம் வாஷ்டி, புண்ணியவதி, ஒரு தொப்பி போட்டுட்டு வந்தா. தொப்பியா அது? லாரி டயரு. மஞ்சள் கலர்ல, மேல இறகு வேற. நேரா மூணாவது வரிசையில போய் உக்காந்துட்டா. அவளுக்குப் பின்னாடி நாலு வரிசைக்குப் பாஸ்டரையே தெரியல. சிலுவையையும் தெரியல. சின்னப் புள்ளைங்க எல்லாம், பாஸ்டர் எங்க போனாருன்னு கேக்குதுங்க. அடுத்த வாரம் அதைவிடப் பெருசு. டீக்கனோட சம்சாரம், நேரா எப்படிச் சொல்றது? அதனால நான் பொண்ணுங்களுக்குச் சொல்லி வெச்சேன். நான் வாசல்ல நின்னு இப்படிக் காட்டினேன்னா தொப்பி வருதுன்னு அர்த்தம், சைடுல கூட்டிட்டுப் போய் மாடிக்குக் கீழ உக்கார வெச்சிடுங்க."

நீலத் தண்ணீர் சொட்டும் வலது கையால் தோளைத் தொட்டு முழங்கைவரை இறக்கிக் காட்டினார்.

"அப்புறம் வாஷ்டி போய்ச் சேர்ந்துட்டா. ஆனா மத்தவளுங்க தொப்பியும் பெருசாயிட்டே இருந்துச்சா, சைகையும் அப்படியே தங்கிடுச்சு."

லவீனியா தொட்டியில் மிதந்த கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை எண்ண வேண்டியிருக்கவில்லை.

"ஏன் சிஸ்டர் அன்னைக்கே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" சிஸ்டரின் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. "நீ பாட்டுக்குச் சொல்லிட்டே போன. கேக்க நல்லா இருந்துச்சு. காடு, நிலா வெளிச்சம், என் அம்மாவோட அம்மாவோட அம்மா. நான் வாயை மூடிட்டுக் கேட்டுட்டு இருந்தேன்."

"உங்கம்மா வாசல் ஊழியத்துல இருந்தாங்கதானே?"

"எங்கம்மா பாட்டுக்குழு. அதுவும் தாளம் தப்பிப் பாடும்."

சிரிக்க வேண்டிய இடம். லவீனியாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆனால் பாதியில் வேறு எதிலோ போய் முட்டிக்கொண்டது. தன் மேலேயே கோபப்பட முடிகிறதா என்று பார்த்தாள். கோபத்தைவிட முந்திக்கொண்டு ஒரு தலைப்பு வந்தது. 'தொப்பியும் அதிகாரமும்: ஒரு சபையில் பார்வைக்கான போராட்டம்.' அதை அவள் மனம் அதற்குள் இருபது பக்கத்துக்கு இழுத்துவிட்டிருந்தது. போதும்டி, என்று தனக்குள் சொன்னாள். வெளியே ஒருவர் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மனைவியின் தொப்பியைப் பற்றி நீ எழுதி, அதை இந்தச் சபை படிக்கப்போகிறதா.

அவள் எதற்காக அந்தக் காட்டுக்குள் போனாள் என்பது அவளுக்குத் தெரியும். முதல் வருஷத்திலேயே டான்சி குடும்பத்தைப் பழைய பதிவேடுகளில் தேடினாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுவரை பெயர்கள் இருந்தன. அதற்கு முந்தைய பத்தாண்டில் பெயரே இல்லை, அடிமைகளை வைத்திருந்த முதலாளியின் பெயருக்குக் கீழே, பெண், இருபது, பெண், நான்கு, ஆண், இரண்டு என்று வரிசையாகக் கோடுகள். அந்த இருபது வயதுப் பெண்தான் அவளுடைய கொள்ளுப்பாட்டியின் அம்மாவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அன்று நூலகக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தை நகலெடுத்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஏதாவது ஒன்று, ஒரே ஒரு அசைவு, தன் கைவரை வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதில் தப்பில்லை. அந்தப் பெண்ணைக் காட்டில் நிற்கவைத்து, கையைத் தூக்கவைத்து, அடிக்குறிப்பும் போட்டதுதான் தப்பு.

"நான் இதை எடுத்துடணும் சிஸ்டர்," என்றாள்.

தொட்டியில் கை நின்றது. "எதை?"

"அந்த அத்தியாயத்தை."

"ஏன்? யாரு கேக்கப் போறா?"

"பேராசிரியர் கேட்டுட்டாரு. ரெண்டாவது சாட்சி வேணுமாம்."

"அவ்வளவுதானா?" சிஸ்டரின் முகம் தெளிந்தது. பேருந்து மீண்டும் சாலைக்கு வந்துவிட்டது. "நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். இங்க பாரு தங்கம், பிலடெல்ஃபியால இருக்கா பாரு என் தங்கச்சி, அவகிட்ட நான் சொல்லிட்டேன். நம்ம அம்மா பேரு புத்தகத்துல வருது, கல்லூரியில வெச்சிருக்கப் போறாங்கன்னு. அவ அழுதுட்டா. எங்கம்மா அறுபது வருஷம் புகையிலைக் கிடங்குல நின்னுச்சு. ஒரு தாளுல அது பேரு வந்ததில்ல, கடைசியில சாவுச் சீட்டுல வந்துச்சு, அதுலயும் தப்பா. இப்ப நீ போய் எடுக்கிறேங்கற."

லவீனியா பதில் சொல்வதற்குள் சிஸ்டர் ஜன்னலைத் தட்டிக் கையை அசைத்தார். டீக்கன் கிட்ரெல் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எழுபத்தாறு வயது. சமையலறை வாசலில் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"டீக்கன், நம்ம லவீனியாவுக்குச் சாட்சி வேணுமாம். அந்தத் தோள் சைகை பழைய காலத்துலேர்ந்து வருதுன்னு நான் சொன்னேன்ல, அதைச் சொல்லணும். அவ போன்ல பிடிச்சுக்குவா."

"ஓ, அதுவா. நீங்க மகளிர் கூட்டத்துல சொன்னீங்களே." அவர் நாற்காலியை இழுத்து, நீதிமன்றத்தில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த வருஷம்னு சொல்லணும்?"

"வருஷமெல்லாம் வேண்டாம். பழைய காலம்னு சொன்னாப் போதும்."

"எங்க அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க, நல்லா இருக்கும்."

"அவரு மெத்தடிஸ்டு, வேற சபை."

"அதைச் சொல்லாதீங்க."

லவீனியா கைப்பேசியைத் திருப்பிக் கையில் எடுத்தாள். எடுத்தாள் என்பதை அவள் பிறகு தனக்குத்தானே மறுக்கவில்லை. சிவப்புப் பொத்தானுக்குமேல் கட்டைவிரல் நின்றது. வார்த்தைகள் வரிசையில் வந்து நின்றன, எல்லாம் கல்லூரியில் கற்றவை, எல்லாம் நல்லவை. எழுதவிடாமல் வைத்திருந்த ஜனத்திடம் எழுத்துச் சாட்சி கேட்பது கேட்பவரின் அதிகாரம். நினைவு என்பது தனி ஒருவருடையது அல்ல, ஊருடையது. ஒரு சமூகம் தன்னைப் பற்றி நம்ப விரும்புவதும் வரலாறுதான். இந்தக் கடைசி வரிக்காகப் போன வருஷம் அவளுக்கு முதல் மதிப்பெண் கிடைத்தது. இவ்வளவு நல்ல வார்த்தைகள் தன்னுடைய சட்டைத் தேதிக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தொளதொளவென்று இருந்திருந்தால்கூட போட்டுக்கொண்டிருப்பாள்.

"நான் ஒண்ணு சொந்தமாவும் சொல்லலாமா?" என்று கேட்டார் டீக்கன். "என் வாஷ்டிக்கு அந்தச் சைகைமேல ரொம்ப மரியாதை. அவ உள்ள வந்தாலே போதும், நீங்க எல்லாரும் அப்படிக் காட்டுவீங்க, நெனைவிருக்கா சிஸ்டர்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். உடனே ஒரு பொண்ணு வந்து அவளைக் கையைப் பிடிச்சு, மாடிக்குக் கீழ அதே எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும். மத்த யாருக்கும் அப்படிப் பண்ணல, எனக்கு மட்டும் ஏன்னு கேப்பா. ராத்திரி சாப்பிடறப்பகூட அதைத்தான் சொல்லிட்டிருப்பா. அது பழைய காலத்து மரியாதைன்னு நீங்க சொன்னப்புறந்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. அவ இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

சிஸ்டர் எர்னஸ்டீன் தொட்டிக்குள் குனிந்துகொண்டார். ஏற்கெனவே வெளுத்துவிட்ட ஒரு கையுறையை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

டீக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆரம்பிக்கலாமா?"

"பட்டனை அழுத்து தங்கம்," என்றார் சிஸ்டர், நிமிராமல். குரலில் பேருந்து ஓட்டுநரின் அதட்டல் இல்லை. "அம்மாவுக்காக அழுத்து. என் அம்மாவுக்காக."

லவீனியா அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் இந்த அறையில் யாருக்காவது அடிபடும் என்று தெரிந்தது. வழக்கம்போல நாற்பது விநாடிக்கு விளக்கம் சொல்லலாம் என்றும் தோன்றியது. பேராசிரியரைச் சொல்லலாம், விதிமுறையைச் சொல்லலாம், மன்னிப்புக் கேட்டுத் தானும் கொஞ்சம் அழலாம். அப்படிச் செய்தால் கடைசியில் இவர்கள் இருவரும் சேர்ந்து அவளுக்கு ஆறுதல் சொல்வார்கள், கேக்கும் வரும். பதிவில் பேசிய அந்தப் பொம்பளையை அவள் காலையிலிருந்து போதுமான அளவு கேட்டிருந்தாள்.

கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள்.

"வேண்டாம் சிஸ்டர்."

"மே மாசம்?"

"இல்ல. டிசம்பர்தான்."

"சட்டையெல்லாம் அடிச்சாச்சுன்னு ஜோலீசா சொன்னாளே."

"ஆமா."

டீக்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல டீக்கன். நீங்க நல்லாத்தான் சொன்னீங்க."

"அப்ப வாஷ்டியைப் பத்திச் சொன்னது? அது மட்டுமாவது வருமா?"

அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. லவீனியாவின் நாக்கு நுனியில் ஒரு நல்ல பொய் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"வராது டீக்கன்," என்றாள்.